ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுக்கிறீர்களா? ஆடிஷனை நியாயமாக நடத்த ஒரு வழிகாட்டி

கோவையில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் எட்டு வருடமாக வயலின் வாசிக்கிறேன். மொத்தம் 22 பேர்: வயலின் ஆறு, வியோலா ஒன்று, செல்லோ ஒன்று, புல்லாங்குழல் இரண்டு, கீபோர்டு இரண்டு, கிட்டார் இரண்டு, தபேலா, டிரம்ஸ், ரிதம் பேட், பாடகர்கள் ஐந்து பேர். மூன்று வருடத்துக்கு முன்னால் புது ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே நாளில் 41 பேரை வரச் சொல்லிவிட்டேன். வரிசை கிடையாது, மார்க் ஷீட் கிடையாது, யார் நடுவர் என்றுகூட முதல் நாள் ராத்திரி வரை முடிவாகவில்லை.

அன்று கடைசியாகப் பாடியது திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் ஒரு பெண். ஊர் காங்கேயம் பக்கம். மணி 8.40. மைக் முன்னால் நின்று, "நான் அஞ்சரைக் கட்டைங்ணா, கொஞ்சம் ஏத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். கட்டை என்பது பாடுகிறவரின் சுருதி எவ்வளவு உயரம் என்பதற்கான அளவு. டிராக்கை, அதாவது முன்பே பதிந்து வைத்த பின்னணி இசையை, ஓட்டிய எங்கள் கீபோர்டுக்காரர், "டிராக் இருக்கிற சுருதிதாம்மா, அதுலயே பாடிருங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கீழ் ஸ்தாயியில் (தாழ்ந்த ஸ்வரங்களில்) அவர் குரல் காற்றாகப் போனது. பாடி முடித்ததும் அவர் கேட்டது, "திருப்பூர்ல எறங்கி டவுன் பஸ் புடிக்கோணுங்ணா, போயிருமுங்களா?" என்பதுதான். அவர் பெயருக்கு நேரே நான் எழுதியது: "கீழ் ஸ்தாயி இல்லை." அடுத்த பங்குனியில் ஒரு கோயில் மேடையில் வேறொரு குழுவோடு, தன் சுருதியில், அவர் பாடிக் கேட்டேன். எங்கள் குழுவில் இன்றைக்கும் அப்படி ஒரு குரல் இல்லை.

அதற்கப்புறம் மூன்று ஆடிஷன் நடத்திவிட்டேன். கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். புதிதாகக் குழு ஆரம்பிக்கிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

1. என்ன ஆள் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

"நல்ல வயலின்காரர் வேண்டும்" என்பது போதாது. நொட்டேஷன் (எழுதி வைத்த இசை) பார்த்து வாசிக்க வேண்டுமா, காதால் கேட்டுப் பிடித்தால் போதுமா? வருடத்துக்கு எத்தனை கச்சேரி? வெளியூர் போக வேண்டுமா? ஒத்திகை எந்த நாள்? ஒரு கச்சேரிக்கு எவ்வளவு? இந்த ஐந்துக்கும் ஒரே தாளில் பதில் எழுதி, குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த வேலை. சம்பளத்தைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், தேர்வானவர் தொகையைக் கேட்டு விலகுவார், உங்கள் ஒரு மாத வேலை வீணாகும்.

2. நாளும் இடமும்

நம் பக்கம் பங்குனியிலும் சித்திரையிலும் ஆடிஷன் வைக்காதீர்கள். பண்ணாரி குண்டம், ஈரோடு பெரிய மாரியம்மன், அப்புறம் ஊர் ஊருக்கு நோம்பி (திருவிழா). கை தேர்ந்த கலைஞர் ஒருவரும் சும்மா இருக்க மாட்டார். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் கல்யாண மண்டபங்கள். எனக்குச் சரிப்பட்டது ஆடி. கல்யாணம் இல்லை, அம்மன் கோயில் கச்சேரிகளும் பெரும்பாலும் ராத்திரிதான்.

கிழமை ஞாயிறாக இருக்கட்டும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், வேலையை விட்டு வர முடியாது. சனிக்கிழமை வைத்தால் மில்லிலும் கம்பெனியிலும் வேலை பார்த்துக்கொண்டு பாடுகிறவர்கள் அத்தனை பேரையும் வாசலுக்கு வருவதற்கு முன்பே கழித்துவிட்டதாக ஆகும். வேறு வழியில்லாமல் வார நாளில் வைத்தால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்தப் பகுதிக்கு என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும்.

இடம் பார்க்கப் போகும்போது கைதட்டிப் பாருங்கள். எதிரொலி நீண்டு கேட்டால் அது கல்யாணத்துக்குத்தான் ஆகும். தகரக் கூரை வேண்டாம், ஒரு மழை வந்தால் அரை மணி நேரம் போச்சு. வாசிக்கும் அறை, காத்திருக்கும் அறை, சுருதி சேர்க்க ஒரு சின்ன அறை என மூன்று தேவை. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.

கோவையில் என்றால் பொள்ளாச்சி பஸ் உக்கடத்தில் நிற்கும், திருப்பூர், ஈரோடு பஸ் காந்திபுரத்தில் நிற்கும். இடத்துக்கு அங்கிருந்து எந்த டவுன் பஸ் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். செல்லோவைத் தூக்கிக்கொண்டு வழி கேட்டு அலைந்து வந்தவருக்கு வில் பிடிக்கும்போது கை நடுங்கும்.

3. அறிவிப்பு: 30 நாளுக்கு முன்

தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டால் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். மலுமிச்சம்பட்டியில் இருக்கும் அரசு இசைக் கல்லூரி, மாவட்ட அரசு இசைப் பள்ளிகள், சர்ச் கொயர் நடத்துகிறவர்கள், வாத்தியக் கடைகள் என எல்லா இடத்துக்கும் ஒரு பக்கத் தாளாகப் போகட்டும். சவுண்ட் சர்வீஸ்காரர்களை மறந்துவிடாதீர்கள். எந்த ஊரில் யார் நன்றாக வாசிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும் அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அறிவிப்பில் கட்டாயம் இருக்க வேண்டியவை: எத்தனை இடம், எந்த வாத்தியம், கச்சேரிக்கு எவ்வளவு, என்ன வாசிக்க வேண்டும், எந்த அளவுகோலில் மார்க், முடிவு எந்தத் தேதியில். ஏற்கனவே ஒருவரை மனதில் வைத்திருந்தால் ஆடிஷன் அறிவிக்காதீர்கள். அவரை நேராகக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்புக்காக இருபது பேரை பஸ் ஏற வைப்பது பாவம்.

பதிவுக் கட்டணம் வாங்காதீர்கள். செலவு குழுவினுடையது.

4. விண்ணப்பத் தாள்

ஒரு பக்கம் போதும். பெயர், போன் நம்பர், வாத்தியம் அல்லது குரல், எத்தனை வருடப் பயிற்சி, நொட்டேஷன் தெரியுமா (ச ரி க ம என்று எழுதும் ஸ்வரமா, ஐந்து கோட்டில் எழுதும் வெஸ்டர்ன் ஸ்டாஃப் நொட்டேஷனா), பாடுகிறவர் என்றால் எத்தனை கட்டை, எந்த ஊரிலிருந்து வருகிறார், உங்கள் குழுவில் யாராவது அவருக்கு உறவா, குருவா. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்தும், அன்று கூட வரும் பெரியவர் பெயரும்.

ஆதார் நகல், போட்டோ, படிப்புச் சான்றிதழ் எதையும் கேட்காதீர்கள். வங்கிக் கணக்கு விவரம் தேர்வானவரிடம் மட்டும் வாங்கினால் போதும். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால், "நடுவர்கள் திரும்பக் கேட்க மட்டும், வெளியிட மாட்டோம்" என்று ஒரு வரி அச்சிட்டு, கீழே கையெழுத்து வாங்குங்கள். ஒரு முறை எங்கள் குழுவிலேயே ஒருவர், ஒரு பையன் தடுமாறியதை எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். அந்தப் பையனின் அப்பாவுக்கு நான் பதில் சொன்ன நாள் மறக்காது.

பெயர்ப் பட்டியல் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். மற்ற எல்லோருக்கும் வந்தவர்கள் வெறும் எண்கள்தான்.

5. என்ன வாசிக்கச் சொல்வது

அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. நம் ஊரில் வயலின் என்றால் இரண்டு வகைக் கை வரும். கர்நாடக முறையில் கற்றவர் சம்மணமிட்டு உட்கார்ந்து ச-ப-ச-ப என்று சுருதி சேர்ப்பார். வெஸ்டர்ன் கற்றவர் நின்றோ நாற்காலியிலோ ஜி-டி-ஏ-ஈ என்று சேர்ப்பார். ஸ்டாஃப் நொட்டேஷன் தாளை மட்டும் நீட்டினால் முதல் ஆள் ஊமையாகிவிடுவார். கமகத்தோடு (ஸ்வரங்களை அசைத்து வாசிப்பது) ஒரு வர்ணம் (கர்நாடக உருப்படி) கேட்டால் இரண்டாம் ஆள் திணறுவார். ஆர்கெஸ்ட்ராவுக்கு இரண்டு பேருமே தேவைப்படலாம்.

நான் வைத்திருப்பது நான்கு பகுதி, மொத்தம் எட்டு நிமிடம்.

முதலில் சொந்த விருப்பத்தில் இரண்டு நிமிடம். கை சூடாகவும் பயம் போகவும்தான் இது, மார்க் குறைவு. அடுத்தது எல்லோருக்கும் பொதுவாக 16 பார் (தாளக் கட்டம்) கொண்ட ஒரு பகுதி. அதை நாங்களே எழுதுகிறோம். சங்கராபரண ராகத்தில் எழுதினால் அதுவே வெஸ்டர்னில் மேஜர் ஸ்கேல், இரண்டு முறையில் கற்றவருக்கும் பழக்கமானது. ஸ்வரத்தில் ஒன்று, ஸ்டாஃப் நொட்டேஷனில் ஒன்று, ஆடியோவாக ஒன்று என மூன்று வடிவத்திலும், மூன்று வாரத்துக்கு முன்பே, எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிட வேண்டும். எந்தச் சுருதி, எந்த வேகம் என்பதும் அதிலேயே இருக்கட்டும். "2 கட்டை, கிளிக் 90 (நிமிடத்துக்கு 90 தட்டு)" என்கிற மாதிரி.

மூன்றாவது, அங்கேயே கொடுக்கும் எட்டு பார். நொட்டேஷன் தெரிந்தவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வாசிக்கலாம். தெரியாதவருக்கு அதே எட்டு பாரை இரண்டு தடவை வாசித்துக் காட்டி, திரும்ப வாசிக்கச் சொல்லலாம். எது வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். மெல்லிசைக் குழுக்களில் பார்வையற்ற கலைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது சலுகை ஆகாது, அவர்கள் தினமும் செய்கிற வேலையே இதுதான். ஒன்று மட்டும்: நொட்டேஷன் இல்லாமல் உங்கள் குழுவில் காலம் தள்ள முடியாது என்றால் அதை அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

நான்காவது, குழுவில் இருக்கும் இரண்டு பேரோடு சேர்ந்து இரண்டு நிமிடம். தனியாக வாசிக்கும்போது தூள் கிளப்பியவர் பக்கத்து வயலினைக் கேட்காமல் ஓடுவார். அடக்கமாக வாசித்தவர் கூட்டத்தோடு உட்கார்ந்ததும் பாலில் சர்க்கரை மாதிரிக் கரைவார். நான்கு பகுதியில் எதையாவது குறைத்தே ஆக வேண்டும் என்றால் முதலாவதைக் குறையுங்கள், இதைத் தொடாதீர்கள்.

பாடகர்களுக்கு டிராக் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் அவர் சொல்லும் கட்டைக்கு மாற்றிக் கொடுங்கள். கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்த இரண்டு நொடி ஆகாது. கீபோர்டின் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 432-க்கு மாறிக் கிடந்தால் அரைக்கட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். புல்லாங்குழல்காரர் பாவம், தன் மேல்தான் தப்பு என்று நினைத்து ஊதிக்கொண்டே இருப்பார்.

டிரம்ஸும் கீபோர்டும் நீங்களே வையுங்கள், எல்லோருக்கும் ஒரே செட். கீபோர்டு என்ன மாடல் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வருகிறவர் தயாராக வருவார். தபேலாவும் ரிதம் பேடும் அவரவர் கொண்டுவரட்டும். தபேலாக்காரருக்கு எந்தச் சுருதி என்று ஒரு வாரம் முன்னால் சொல்வது கட்டாயம்.

6. நடுவர்களும் மார்க்கும்

ஐந்து பேர். இரண்டு பேர் குழுவிலிருந்து, மூன்று பேர் வெளியிலிருந்து. ஒரு இசை ஆசிரியர், ஒரு கொயர் நடத்துனர், ஸ்டேஜில் பழுத்த ஒரு கலைஞர் என்று கலந்து இருந்தால் நல்லது. ஐவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

100 மார்க்கை நாங்கள் பிரிக்கும் விதம்: சுருதி 30, லயம் 30, சேர்ந்து வாசிப்பது 20, டோன் அல்லது குரல் வளம் 15, சொந்த உருப்படி 5. உங்கள் குழுவுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் முதல் ஆள் வாசிப்பதற்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஒருவர் வாசித்து முடித்ததும் மூத்தவர், "பையன் பரவால்லீங்க" என்று சொல்வார். அவ்வளவுதான், மற்ற நான்கு பேனாவும் அந்தப் பக்கமே சாயும். பெரியவர் சொன்ன பிறகு மறுத்து எழுத நம் ஆட்களுக்கு மனம் வராது. ஆகவே வாசித்து முடிந்ததும் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. எழுது, மடி, பெட்டியில் போடு. பேச்செல்லாம் கடைசியில்.

வந்தவர் தன் சிஷ்யர் அல்லது உறவு என்றால் அந்த நடுவர் அவருக்கு மார்க் போட வேண்டாம், மற்ற நால்வரின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். இதை முதல் நாளே போனில் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். "ஐயா, விதி எல்லாருக்கும் பொதுங்க, உங்க பேருக்கு ஒரு சொல் வந்துறக் கூடாதுங்கறதுக்குத்தானுங்க" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். நான் இப்படிச் சொல்லத் தயங்கிய ஒரு வருடம், தேர்வான மூன்று பேரும் ஒரே நடுவரின் மாணவர்களாக அமைந்துவிட்டார்கள். மூவரும் நன்றாக வாசித்தவர்கள்தான். ஆனால் வெளியே யாரும் அதை நம்பவில்லை, அந்தப் பிள்ளைகளுக்கும் அது கெட்ட பெயர்.

7. படுதா

நடுவருக்கும் வாசிப்பவருக்கும் நடுவே ஒரு படுதா. அமெரிக்காவில் பாஸ்டன் சிம்பொனி 1952-லேயே இப்படித் திரை போட்டு ஆடிஷன் நடத்தியது. காலடிச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தரையில் கார்பெட் விரிப்பதும் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் வழக்கம்.

நமக்குப் பந்தல்காரரிடம் கிடைக்கும் கெட்டியான சைடு படுதா போதும், வாடகைதான். ஆனால் ஆடிக் காற்றை நினைவில் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் ஜன்னலை அறைந்து சாத்தும். எங்கள் முதல் படுதா, மூன்றாவது ஆள் வாசிக்கும்போது பாய்மரம் மாதிரி மேலே எழும்பி, அவர் வில்லோடு உட்கார்ந்திருந்ததை எல்லோருக்கும் காட்டிவிட்டது. இப்போது அடி ஓரத்தை ஒரு மூங்கிலில் சுருட்டிக் கட்டி, இரண்டு முனையிலும் செங்கல் வைக்கிறோம். மேற்குப் பக்க ஜன்னல்களைச் சாத்திவிடுகிறோம். மின்விசிறியும் மைக்குக்கு நேராக வேண்டாம், புல்லாங்குழலில் காற்று அப்படியே ஏறும்.

தரைக்குப் பவானி ஜமக்காளம். ஒன்றை நான்காக மடித்து, வாசலிலிருந்து நாற்காலி வரை பாதையாகப் போடுங்கள். செருப்பை வெளியே விடுவது நமக்குப் பழக்கம்தான், ஆனால் கொலுசு காட்டிக்கொடுக்கும். கழற்றச் சொல்வது சரியில்லை, சிலருக்கு மனம் சங்கடப்படும். ஜமக்காளத்தின் மேல் மெதுவாக நடந்தால் கேட்காது, நான் படுதாவின் இந்தப் பக்கம் நின்று சோதித்துப் பார்த்துவிட்டேன். சம்மணமிட்டு வாசிப்பவருக்கு அதுவே விரிப்பு. செல்லோவுக்குக் கை இல்லாத நாற்காலி ஒன்று வையுங்கள்.

உள்ளே யாரும் பேசக் கூடாது. ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கூட நிற்கும் தொண்டரிடம் காதில் சொல்ல, அவர் நடுவரிடம் கேட்பார். சுருதி சேர்ப்பது வெளி அறையில். உள்ளே வந்து ச-ப என்று இழுத்தாலே எந்த முறையில் கற்றவர் என்று தெரிந்துவிடும். பாடகர்களுக்குப் படுதாவால் பாதிப் பலன்தான், குரலே ஆளைச் சொல்லிவிடும். இருந்தாலும் நிறம், உடை, வயது இவையெல்லாம் கண்ணில் படாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

சேர்ந்து வாசிக்கும் நான்காவது பகுதியையும் படுதாவுக்குப் பின்னாலேயே நடத்துங்கள். குழுவின் அந்த இரண்டு பேரும் நாள் முழுக்க அங்கேயே இருக்கட்டும், அவர்களுக்கு மார்க் போடும் உரிமை வேண்டாம்.

8. அன்றைய நாள்

ஒருவருக்கு எட்டு நிமிடம், மார்க் போட இரண்டு, ஆள் மாற இரண்டு. ஆக மணிக்கு ஐந்து பேர். காலை 9.30-லிருந்து 1 மணி, மதியம் 2-லிருந்து 4 மணி என்றால் இடைவேளை போக 25 பேர். அதற்கு மேல் பதிவு வந்தால் இன்னொரு ஞாயிறு வையுங்கள். ராத்திரி எட்டே முக்காலுக்குக் கேட்கும் காது காலை பத்து மணிக் காது ஆகாது.

வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். உள்ளூர், வெளியூர் என்று இரண்டு சீட்டுப் பெட்டி வைத்து, வெளியூர்க்காரர்கள் 11 மணிக்கு மேல் வருகிற மாதிரி அமைத்தால் விடியற்காலை பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. நேரத்தை மூன்று நாள் முன்பே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். முதல் ஆளாக உங்கள் குழுவில் ஒருவரை வாசிக்கச் சொல்லி மார்க் போட்டுப் பாருங்கள். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், நடுவர்களின் காது சமனாவதற்குத்தான். எட்டு பேருக்கு ஒரு முறை டீ இடைவேளை.

சவுண்ட்காரரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்: ஒரே மைக், ஒரே தூரம், எக்கோ வேண்டாம், நடுவில் ஒலி அளவை மாற்றும் ஃபேடரைத் தொட வேண்டாம்.

9. செலவு

சென்ற ஆடியில் எங்களுக்கு ஆனது: ஹால் 3,000, படுதாவும் ஜமக்காளமும் 900, சவுண்ட் 2,500, வெளி நடுவர் மூவருக்கு தலா 1,500, அவர்கள் வந்துபோக 1,200, சாப்பாடு 35 பேருக்கு 3,150, அச்சு 250. மொத்தம் 15,500 ரூபாய். சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். வந்தவர்களுக்கும் துணைக்கு வந்தவர்களுக்கும் தக்காளி சாதமாவது போட்டு, பாடுகிறவர்களுக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர் வையுங்கள்.

10. முடிவு சொல்வது

"சொல்லி அனுப்பறோம்" என்று அனுப்பிவிட்டுச் சொல்லாமலே விடுவது நம் தொழிலில் ஊறிப்போன பழக்கம். ஏழு நாளுக்குள் தேர்வானவர், ஆகாதவர் இருவருக்கும் தனித்தனியாகச் செய்தி போக வேண்டும். குழுவில் பட்டியல் போடாதீர்கள். ஆகாதவருக்கு அவருடைய சராசரி மார்க்கும் ஒரு வரியும்: "லயம் நன்றாக இருக்கிறது, மேல் ஸ்தாயியில் சுருதி கூடுகிறது." இந்த ஒரு வரிக்காகவே அடுத்த வருடம் தயாராகித் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். மார்க் ஷீட்டுகளை மூன்று மாதம் பத்திரமாக வையுங்கள், யாராவது கேட்டால் அவருடையதை மட்டும் காட்டலாம்.

தேர்வானவரோடு ஒரு பக்க ஒப்பந்தம்: கச்சேரித் தொகை, வெளியூர் பேட்டா, ஒத்திகைக்குப் பஸ் செலவு, கடைசி நேரத்தில் கச்சேரி ரத்தானால் எவ்வளவு. முதல் மூன்று கச்சேரி பார்த்துக்கொள்ளும் காலம், அதற்கும் முழுத் தொகை. அடுத்த இரண்டு இடத்தில் இருப்பவர்களிடம், "ஆறு மாதத்துக்குள் இடம் வந்தால் ஆடிஷன் இல்லாமல் உங்களைத்தான் கூப்பிடுவோம்" என்று எழுதிக் கொடுங்கள். அந்த ஆறு மாதம் முடிகிற தேதியை உங்கள் காலண்டரில் குறித்து வைத்து, இடம் வராவிட்டாலும் அன்றைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.